குறைந்தது திருட்டா, கணக்கா?

நமது ஊரில் குற்றம் குறைந்துவிட்டது என்று போலீசார் பெருமை பேசிக்கொள்ளுகிறார்கள். வாஸ்தவமானால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் குறைந்தது திருட்டா, அல்லது திருட்டை எழுதும் கணக்கா என்று கேட்கிறோம்.

சென்ற மாதம் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பூட்டை உடைத்து, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நான்கு சவரன் நகையைக் கொண்டு போய்விட்டார்கள். அவர் ஸ்டேஷனுக்குப் போனதற்கு, "யார் எடுத்தது? பெயர் சொன்னால் எழுதுகிறோம்" என்றார்களாம். திருடன் பெயர் தெரிந்தால் இவர் ஸ்டேஷனுக்கு ஏன் போகிறார்? மூன்று நாள் நடந்த பின் ஒரு மனு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வழக்கு மட்டும் பதிவாகவில்லை.

போலீஸ் கைவிட்ட மனிதன் எங்கே போவான்? வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போனார். (அந்த மைக்காரர் வீட்டுக் கதவில் இரண்டு பூட்டுத் தொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.) ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, "கீழத் தெருவுக் கறுத்த பையன்" என்று மை சொல்லிற்று. கீழத் தெரு ஆதிதிராவிடர் தெரு. மை எப்போதாவது மிராசுதார் வீட்டுப் பையனைக் காட்டியதுண்டா? அகப்பட்ட ஒரு பையனைத் தூணில் கட்டி அடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள். அதற்கும் வழக்கு இல்லை. "சமாதானமாய்ப் போங்கள்" என்றாகிவிட்டது. ஆகவே நடந்த குற்றம் இரண்டு; கணக்கில் ஒன்றுமில்லை. குற்றம் குறைகிற விதம் இதுதான்.

ஸ்டேஷனில் ஆள் போதாது என்பது மெய்யே. ஆனால் வழக்கு எண்ணிக்கை ஏறினால் மேலே கேள்வி வரும் என்ற பயமும் சேர்ந்தல்லவா பேனாவைப் பிடித்துக்கொள்ளுகிறது?

சட்டத்தில் குறைவில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2013-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, பதிந்த தகவலின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இனாமாகவே கொடுக்க வேண்டும். மறுத்தால் ஜில்லா சூப்பரிண்டெண்டுக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபாலில் எழுதுவதற்கு மைக்காரருக்கு அழுததில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவில்லை.

அந்தப் பையன் விஷயமாக மனு தயாராகிவிட்டது. மற்றவர்களில் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வாசகசாலைக்கு வரலாம். தோழர்கள் எழுதித் தருவார்கள்.