ஆறு இடங்களும் ஒரு காப்பாளரும்

நுழையும்முன்

உச்சியில் நிற்பவரை உலகம் அறியும். அதே பணியை வேறோர் ஊரில் அதே திறத்துடன் செய்பவரைப் பலரும் அறியார். பெரிய இடத்தை எட்டினால்தான் ஒருவரின் உழைப்பு மதிப்புப் பெறுமா? கனடா நாட்டு விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஐஸ் ஹாக்கி என்பது சறுக்குக் காலணி அணிந்து பனித்தளத்தில் ஆடும் ஆட்டமாகும். நம் நாட்டில் லடாக் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களின்மீது இதனை ஆடுவர். பந்துக்கு மாற்றாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்று பயன்படுகிறது. அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். ஐவர் தளமெங்கும் சுழன்று ஆடுவர். சிறிது நேரத்திற்கு ஒருமுறை வெளியேறி இளைப்பாறவும் செய்வர். ஆறாமவர் கோல் காப்பாளர். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உடைய கோலின் முன், பெரும்பாலும் ஆட்டம் முடியும்வரை அவர் நிற்க வேண்டும். மற்றவர் பிழையை அவர் தடுத்துவிடலாம். அவர் பிழை செய்தால் தடுக்க எவரும் இல்லை.

இத்தகைய காப்பாளருள் ஒருவர் ஜானி பவர். இவர் 1924ஆம் ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பிரின்ஸ் ஆல்பர்ட் என்னும் ஊரில் பிறந்தார். வறிய குடும்பம். வளைந்த மரக்கிளையைச் செதுக்கித் தந்தை மட்டை செய்து கொடுத்தார். பழைய மெத்தையே காலுக்குக் கவசமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்தவர், மூட்டு நோயால் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அணியில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார். அவ்வணி இரண்டாம் நிலையிலிருந்த அமெரிக்க ஹாக்கி லீக்கைச் சேர்ந்தது. முதல்நிலை எனப்பட்ட தேசிய ஹாக்கி லீக்கில் 1942 முதல் 1967 வரை ஆறே அணிகள் இருந்தன. அணிக்கு ஒரு காப்பாளரே பெரும்பாலும் ஆடினார். ஆகவே வட அமெரிக்கா முழுமைக்கும் முதல்நிலைக் காப்பாளருக்கு ஏறத்தாழ ஆறு இடங்களே இருந்தன.

1953ஆம் ஆண்டு நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி பவரை அழைத்தது. அந்த இடத்தில் அதற்கு முன் இருந்தவர் கம்ப் வொர்ஸ்லி. அவர் முந்தைய பருவத்தில் சிறந்த புதுமுக வீரருக்கான விருதைப் பெற்றவர். விருது பெற்றவரைக் கீழ்நிலைக்கு அனுப்பிவிட்டுப் பவரை அமர்த்தினர். அப்பருவத்தின் 70 ஆட்டங்களிலும் பவரே காப்பாளராக நின்றார். அடுத்த பருவத்தில் வொர்ஸ்லி மீண்டும் நியூயார்க்கிற்கு அழைக்கப்பட்டார். பவர் வான்கூவருக்கு அனுப்பப்பட்டார். பின்னர் பிராவிடென்ஸ், அதன்பின் மீண்டும் கிளீவ்லாந்து என ஊர் ஊராக அவர் பயணம் தொடர்ந்தது.

1958ஆம் ஆண்டு டொராண்டோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 33. போவதற்கு அவர் தயங்கினார் என்பர். ஆயினும் சென்றார். 1962, 1963, 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. நான்காம் வெற்றியின்போது அவர் 42 வயதைக் கடந்திருந்தார். 1976ஆம் ஆண்டு ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் பழமொழிக்குச் சான்றாகவே இவ்வரலாற்றைப் பலரும் கூறுவர். அது பாதி உண்மையே. பொறுமை வேண்டும், ஆயின் பொறுத்தவர் அனைவருக்கும் இடமளிக்க ஆறு இடங்கள் எவ்வாறு போதும்? வொர்ஸ்லி இறங்கிய ஆண்டில் அவர் திறன் குறைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு பவர் இறங்கியபோதும் அவ்வாறே. தக்கவர் இருவர், இடம் ஒன்று, நிகழ்ந்தது அவ்வளவே. பவரைப் போலவே உழைத்து, அழைப்பே வராமல் ஓய்வு பெற்ற காப்பாளர்களும் இருந்திருப்பர். அவர்களிடம் பொறுமை இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது.

மேலும், டொராண்டோவுக்கு முந்தைய ஆண்டுகளை வெறுங்காத்திருப்பு எனக் கருதுவதும் பிழையாகும். இரண்டாம் நிலை லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான விருதை 1956, 1957, 1958 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றவர் அவர். நியூயார்க்கில் இருந்தபோது, முன்னாள் காப்பாளர் சக் ரேனரிடமிருந்து ஒரு நுட்பத்தைக் கற்றார். எதிரி நெருங்கிவரும்போது முன்னோக்கிப் பாய்ந்து, மட்டையால் வட்டைத் தட்டி விலக்கும் நுட்பம் அது. இடம் பறிபோயிற்று, கற்றது பறிபோகவில்லை. சிறிய ஊர்களில் அதனை ஆண்டுக்கணக்கில் பழகினார். பிற்காலத்தில் அதுவே அவருடைய அடையாளமாயிற்று. அந்நாளில் காப்பாளர்கள் முகமூடி அணியாமலே ஆடினர். கிளீவ்லாந்தில் அவர் முகத்தை நோக்கி வந்த வட்டு, டொராண்டோவில் வந்ததைவிட மென்மையானதன்று. அங்குக் காசு கொடுத்து ஆட்டம் காண வந்தவர்களுக்கும் அவர் தம் முழுத்திறனையே தந்தார்.

அவ்வாறாயின் உயர்ந்த இடத்தை விரும்புதல் தவறா? தவறன்று. பவரும் அழைப்பு வந்தபோது மேலே சென்றார். விரும்பிய இடம் கிடைக்கும்வரை கையிலுள்ள பணியை அரைமனத்துடன் செய்வதே தவறு. அவ்விடம் கிடைக்காதவரை இகழ்வது அதனினும் பெரிய தவறு. இடத்தை வழங்குவது பிறர் கையில் உள்ளது. பணியின் தரம் மட்டுமே அவரவர் கையில் உள்ளது. ஆகவே ஒருவரை அளக்கும்போது அவர் எங்கு நின்றார் என்பதனோடு, நின்ற இடத்தில் எவ்வாறு காத்தார் என்பதனையும் கேட்டல் வேண்டும்.

1958ஆம் ஆண்டு அந்த அழைப்பு வராமல் போயிருப்பின் நான்கு கோப்பைகள் இரா. புகழ் மண்டபத்தில் பெயரும் இராது. எனினும் பதின்மூன்று ஆண்டுகள் நன்கு ஆடிய காப்பாளர் ஒருவர் இருந்திருப்பார். அவர் மதிப்பு ஒரு சிறிதும் குறைந்திராது.

சிந்தித்து எழுதுக

1. ‘பொறுமை உடையவர் அனைவரும் வெல்வர்’ என்னும் கருத்தைக் கட்டுரை ஏன் பாதி உண்மை என்கிறது?
2. வொர்ஸ்லி, பவர் ஆகியோர் இடம் மாறிய நிகழ்ச்சி எதனை உணர்த்துகிறது?
3. பணியின் பொருட்டு ஊர் மாறி வாழும் ஒருவர் உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இருப்பார். அவரிடம் உரையாடி, அவர் தம் பணியில் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.