குட்டி மட்டும்தான் பூனையா?

பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் சென்னையில் கூடிக்கொண்டே போகிறார்கள். கடையில் காசு கொடுத்து வாங்காமல், காப்பகத்துக்குப் போய் "ஒரு பூனை கொடுங்க" என்று கேட்கிறவர்களும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் கேட்கிற தினுசைக் கொஞ்சம் கவனியுங்கள். "ரெண்டு மாசக் குட்டியா இருக்கணும்." "வெள்ளையா புசுபுசுன்னு இருந்தா நல்லது." "கண்ணு நீலமா கிடைக்குமா?" இவர்கள் பூனை தேடுகிறார்களா, சோபாவுக்கு மேட்சாக ஒரு தலையணை தேடுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

அதே காப்பகத்தின் மூலைக் கூண்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பூனை ஒன்று சுருண்டு படுத்திருக்கும். எந்தக் காப்பகத்திலும் இப்படி ஒன்றிரண்டு நிச்சயம். பல் பாதி போயிருக்கும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாது, ஒரு கண் மங்கியிருக்கும். ஒரு காலத்தில் யாரோ வீட்டில் பெயர் வைத்துக் கூப்பிட்ட பூனைதான். வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது "உடம்பு சரியில்ல, செலவு தாங்கல" என்று கொண்டுவந்து தள்ளியிருப்பார்கள். அந்தக் கூண்டின் முன்னால் யாரும் நிற்பதில்லை. நின்றாலும் "ஐயோ பாவம்" என்ற இரண்டு வார்த்தையோடு நகர்ந்துவிடுகிறார்கள்.

இந்த "ஐயோ பாவம்"தான் பிரச்சினையே.

பேசின் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் நினைவுக்கு வரும். சென்ட்ரலுக்குள் நுழைவதற்கு முன் ரயில் மூச்சு வாங்கி நிற்கிற இடம். ஆனால் வடசென்னையின் பழைய ஆட்களுக்கு அந்தப் பெயரோடு மாநகராட்சியின் நாய் வண்டியும் சேர்ந்து நினைவுக்கு வரும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் தீர்வு என்று இந்த நகரம் நூறு வருடத்துக்கு மேல் நம்பியது. அதில் பயனில்லை, கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் 1964 முதல் சொல்லிக்கொண்டிருந்தது. மாநகராட்சி கேட்டுக்கொள்ள முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1996-ல்தான் நகரம் முழுக்கக் கொலை நின்று கருத்தடை வந்தது. 2001-ல் மத்திய அரசும் அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது.

அந்த 2001 விதியின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் "நாய்கள்" என்று இருந்தது. பூனைக்கு அடைப்புக்குறிகூட கிடைக்கவில்லை. நாய் கடிக்கும், குரைக்கும், வெறிநாய்க்கடி என்றால் செய்தியாகும், அதனால் அரசாங்கம் அதைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். பூனை சத்தம் போடாமல் குடோன் மூலையில் செத்துப்போகும். சத்தம் போடாததற்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்று தெரிந்ததுதானே!

இன்னொரு கதையும் இதே பகுதியில்தான் நடந்தது. 2020 பிப்ரவரியில், கொரோனா பீதி ஆரம்பித்த நேரத்தில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கண்டெய்னருக்குள் பூனை ஒன்று உயிரோடு இருந்தது. அதைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப அதிகாரிகள் முடிவு செய்தார்கள். பீட்டா இந்தியா அமைப்பு வேண்டாம் என்று மன்றாடியது. நாடு முழுக்கப் பத்திரிகைச் செய்தியானது. அதைத் தத்தெடுத்துக்கொள்ளவும் ஆள் முன்வந்தார். கடைசியில் அந்தப் பூனைக்கு விடுதலையும் கிடைத்தது. சந்தோஷம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி வந்த பூனைக்கு ஒரு கதை இருந்தது, அதனால் வீடு கிடைக்க வழி பிறந்தது. அதே துறைமுகத்துக்குப் பின்னால், காசிமேட்டில் மீன் கூடைகளைச் சுற்றி வளர்ந்து, ராயபுரத்து வீட்டுத் திண்ணையில் கிழடாகிப்போன பூனைக்குக் கதை இல்லை. வயதும் வியாதியும்தான் இருக்கின்றன. நமக்கு இரக்கம் வருவதற்குச் செய்தித்தாளில் தலைப்பு வேண்டியிருக்கிறது போலும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் வருடத்தது. வளர்த்த பிராணியைப் பட்டினியிலோ தாகத்திலோ தவிக்கும்படி கைவிடுவது அதன் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது ரூபாய். எழுத்துப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். பூனையைப் பையில் போட்டு எங்கேயோ விட்டுவிட்டு வருகிற ஆட்டோ கட்டணம் அதைவிட அதிகம். 1976-ல் அரசியலமைப்பில் சேர்த்த 51அ பிரிவு, உயிர்களிடம் கருணை காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. கடமை ஒரு பக்கம், ஐம்பது ரூபாய் ஒரு பக்கம். எது ஜெயிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அதனால் இந்தப் பூனைகளைச் சட்டம் வந்து காப்பாற்றப்போவதில்லை. வீடுகள்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் வீட்டுக்காரர்களிடம் கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கிழட்டுப் பூனை சீக்கிரம் செத்துடும். மனசு கஷ்டப்படும்."

வீட்டுக்குள் வளர்கிற பூனை பதினைந்து வருடம் சாதாரணமாக இருக்கும், இருபதைத் தொடுவதும் உண்டு. இருபது வயதில் குட்டி எடுக்கிற கல்லூரி மாணவர், அது சாகும்போது முப்பத்தைந்து வயதுக்காரர். நடுவில் ஹாஸ்டல், பெங்களூர் வேலை, ஒருவேளை அமெரிக்கா, அப்புறம் கல்யாணம். இத்தனைக்கும் அந்தக் குட்டி கூடவே வருமா? வராது. "அம்மா பாத்துக்குவாங்க" என்று ஆரம்பித்துக் கடைசியில் காப்பகத்துக்கு வரும். இன்றைக்கு மூலைக் கூண்டில் கிடக்கிற கிழடு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் ஒரு நாள் யாரோ ஆசையாய்த் தூக்கிக்கொண்டு போன குட்டிதானே! குட்டி என்பது பதினைந்து வருட வாக்குறுதி. பத்து வயதுப் பூனை என்பது இன்னும் கொஞ்ச வருடத்துக்கான வாக்குறுதி. எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் கொடுப்பதுதான் நேர்மை. ரிட்டயர் ஆன தாத்தா பாட்டிக்கும் இதே கணக்குதான். தங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவர்களுக்குக் குறையும்.

"வீடு சின்னது. பூனை எல்லாத்தையும் தள்ளி உடைக்கும்."

உடைப்பது குட்டி. திரைச்சீலையில் ஏறுவதும் விடிகாலை மூன்று மணிக்கு வீட்டை ரேஸ் டிராக் ஆக்குவதும் குட்டிதான். வயதான பூனை நாளில் பெரும்பகுதி தூங்கும். மீதி நேரம் ஜன்னலோரம் வெயிலில் உட்காரும். மூட்டு வலி இருப்பதால் பீரோ மேலே தாவாது. ஹவுசிங் போர்டு ஒற்றை அறை வீட்டுக்கு ஏற்ற பிராணி எது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் கிழட்டுப் பூனைதான்.

"வியாதிப் பூனைக்கு வைத்தியம் பார்க்க எங்களால ஆகாது."

இது நியாயமான பயம். கேலி செய்யக்கூடாது. ஆனால் வியாதி என்ற ஒரு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. வயதான பூனைகளுக்கு அதிகமாய் வருவது நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. அதிகம் தண்ணீர் குடிக்கும், அதிகம் சிறுநீர் போகும், மெலியும். குணமாகாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவு, எப்போதும் சுத்தமான தண்ணீர், தேவைப்பட்டால் தோலுக்கடியில் ஏற்றுகிற டிரிப்ஸ் என்று வருடக்கணக்கில் ஓட்டலாம். அந்த டிரிப்ஸை டாக்டரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் சொத்தை, ஈறு வீக்கம் என்றால் கெட்ட பல்லைப் பிடுங்கிவிட்டால் மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிடும். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் இருக்கிறது, சில பூனைகளுக்கு அது பிறகு தேவைப்படாமலும் போகும். எஃப்ஐவி என்றவுடன் அலறுகிறார்கள். அது பூனைக்குப் பூனை கடியால் பரவுவது, மனிதருக்கு வராது.

டாக்டரும் தூரத்தில் இல்லை. 1903-ல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பேசின் பிரிட்ஜிலிருந்து ஆட்டோ ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஊருக்குள்ளேயே இப்படி ஓர் அரசு ஆஸ்பத்திரி எத்தனை நகரத்துக்கு வாய்த்திருக்கிறது?

ஒன்று மட்டும் முக்கியம். சுய வைத்தியம் வேண்டவே வேண்டாம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம், ஒன்றே உயிரைப் பறிக்கும். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் "தானா சாப்பிடும்" என்று விடக்கூடாது, பட்டினி நீண்டால் ஈரலைப் பாதிக்கும். ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் முக்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் பாடம். பரீட்சைக்குப் படிப்பதைவிடச் சுலபம் :)

"அந்தக் காசுக்குப் பத்துக் குட்டியைக் காப்பாத்தலாமே?"

புத்திசாலித்தனமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் கணக்கு தப்பு. கிழட்டுப் பூனை காப்பகத்தில் இருந்தாலும் மருந்துச் செலவு ஆகிறது, கூடவே ஒரு கூண்டும் அடைபடுகிறது. பக்கத்தில் நாய் குரைப்பு, தினமும் புதுப்புது வாசனை. பூனை பயத்தில் சாப்பாட்டை நிறுத்தும், அதனால் வியாதி முற்றும், செலவு இன்னும் ஏறும். அதை ஒருவர் வீட்டுக்கு அழைத்துப்போனால் செலவும் குறைகிறது, ஒரு கூண்டும் காலியாகிறது. அந்தக் கூண்டில்தான் உங்கள் குட்டியைக் காப்பாற்றப் போகிறார்கள். கிழட்டுப் பூனையை எடுத்துக்கொள்வதே குட்டிக்கும் செய்கிற உதவி.

"மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில இடம் இல்ல, பூனைக்கு வந்துட்டாங்க!"

வடசென்னையின் புகையையும் எண்ணூர்ச் சாம்பலையும் சுவாசிக்கிறவர்கள் இப்படிக் கேட்டால் அந்தக் கோபத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் பெரும்பாலும் கேட்கிறவர்கள் அவர்கள் இல்லை. மீன் விற்கிற அம்மா கூடையிலிருந்து ஒரு மீன் தலையைக் கிழட்டுப் பூனைக்குத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வியாபாரத்தைப் பார்க்கிறார். பூனைக்குச் செய்யாமல் மிச்சம் பிடித்த காசை எந்த மனிதனின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தார்கள் என்று இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் திருப்பிக் கேட்டால் பதில் வராது.

காப்பகங்கள் மீதும் தப்பு இருக்கிறது. சில இடங்களில் வியாதியை மறைத்துப் பூனையைக் கொடுத்துவிடுகிறார்கள். பதினைந்து நாளில் அது திரும்பி வரும், எடுத்தவர் ஆயுசுக்கும் காப்பகப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். என்ன வியாதி, என்ன மருந்து, மாதம் எவ்வளவு ஆகும் என்று கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். முழுசாகத் தத்துக் கொடுக்க முடியாவிட்டால், "இடமும் அன்பும் உங்களுடையது, மருந்துச் செலவு எங்களுடையது" என்று வளர்ப்பு வீடு ஏற்பாடு செய்யுங்கள். எடுக்க முடியாதவர்களிடம் ஒரு பூனையின் மருந்துக்கு மட்டும் மாதப் பணம் கேளுங்கள். நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு பூனையின் மருந்தைத் தாங்கலாம்.

வலி தீராத கட்டம் வந்தால் டாக்டர் கையால் நிம்மதியாக அனுப்பி வைப்பதும் கருணைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சில வருடம் வெயிலில் படுத்திருக்கக் கூடிய உயிரைக் கூண்டிலேயே தீர்ந்துபோக விடுவதற்குப் பெயர் கருணை இல்லை, சோம்பேறித்தனம்.

அடுத்த தடவை காப்பகத்துக்குப் போகிறவர்கள் குட்டிகள் இருக்கும் பக்கம் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இங்க ரொம்ப நாளா யாரும் கேக்காத பூனை எது?"