பாலுக்குக் காவல் யார்?

குன்றத்தூர் 2021-ம் வருஷத்தில் நகராட்சியாயிற்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி வரும் குடும்பங்கள் அங்கே குடியேறி வருகின்றன. அவர்களுடைய குழந்தைகள் குடிக்கும் பாலைக் காப்பது நகராட்சியின் முதற் கடமைகளில் ஒன்றன்றோ? ஆனால் அக்கடமைக்குரிய அதிகாரம் இன்று யார் கையில் இருக்கிறது?

சென்னை மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் 1918-ல் வந்தது. 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களின் சுகாதார அதிகாரிகளுக்கு உணவைப் பரிசோதிக்கும் அதிகாரம் அளித்தது. 2006-ல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டு 5 முதல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமோ அப்பொறுப்பை ராஜ்யக் கமிஷனரிடமும் ஜில்லா நியமன அதிகாரியிடமும் ஒப்புவித்துவிட்டது. தேசமெங்கும் ஒரே நிர்ணயம் என்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விடியுமுன் கறந்த பால் வெயில் ஏறுமுன் குடித்துத் தீர்ந்துவிடுகிறது. ஜில்லாத் தலைநகரிலிருந்து அதிகாரி வந்து சேர்வதற்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும்.

பாலில் தண்ணீர் விடுவது ஒன்றே குற்றமென்று எண்ணியிருப்போர் பலர். 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 6,432 மாதிரிகளைச் சோதித்தது. அபாயகரமான கலப்படம் 12 மாதிரிகளில்தான் காணப்பட்டது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 இத்தகையவை. எண்ணிக்கையில் நமது ராஜ்யமே முன்னின்றது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் தின்ற மாட்டின் பாலில் இந்நஞ்சு இறங்குகிறது. காய்ச்சினாலும் அது நீங்காது; லாக்டோமீட்டருக்கும் தென்படாது.

ஆகவே காவல் பால்காரரின் குவளையில் அல்ல, தீவனக் கிடங்கில் தொடங்க வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழை குற்றவாளியல்லர். கடையில் விற்றதை வாங்கிப் போட்டவர். அவருக்கு வேண்டியது உலர்ந்த தீவனமும் தக்க போதனையுமே; சிறையன்று.

நகராட்சியிடமிருந்து தண்டிக்கும் அதிகாரம் போயிருக்கலாம். பார்க்கும் கண் போகவில்லை. ஊரில் மாடு வளர்ப்போர், பால் விற்போர், தீவனக் கடைக்காரர் ஆகியோரின் ஜாபிதாவை அது தயாரிக்கட்டும். மாதந்தோறும் மாதிரி எடுக்கும்படி ஜில்லா அதிகாரியை வற்புறுத்தட்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி நகராட்சி வாசலில் ஒட்டட்டும்.

ஜனங்களுக்கும் ஓர் ஆயுதம் உண்டு. மேற்படி சட்டத்தின் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் அறிவித்துவிட்டு, எவரும் கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பொருள் சட்டத்துக்கு ஒவ்வாததெனக் கண்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உபயோகிக்காத உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். ஒவ்வொரு வார்டிலும் நாலு பேர் சேர்ந்து இதைச் செய்யலாகாதா?

பாற்குடத்தை இடறிய தந்தையையும் பொறாத சண்டேசுரர் சரிதத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். தம் குழந்தைகளின் பாற்குடத்தில் நஞ்சு சேர்வதை அவ்வூரார் பொறுத்திருக்கலாகாது.