அவர்களுக்கும் முழு ஆயுசு வேண்டும்!

தர்மபுரி மாவட்டத் தோழர்களே!

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, எந்த ஊரில் இருந்து இதைப் படித்தாலும் உங்கள் தெருவில் ஒருவர் நினைவுக்கு வருவார். பெற்றோர் வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரே 'மெண்டல்' என்று கூப்பிடுகிற ஒருவர். மனச்சிதைவு நோய் உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்டத்தில் 15 லட்சம் பேர். அந்த விகிதப்படி பார்த்தால் நம்மிடையே சுமார் 5,000 பேர்!

கடுமையான மனநோயோடு வாழ்பவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே செத்துப்போகிறார்கள். தற்கொலை ஒரு காரணம். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பும் சர்க்கரையும் நுரையீரல் நோயும் தொற்றுநோய்களும்தான். உங்களுக்கும் எனக்கும் வருகிற அதே நோய்கள். நமக்கு வந்தால் வைத்தியம் நடக்கிறது. அவர்களுக்கு வந்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. நாடே பதறியது. சர்க்கரையாலும் மாரடைப்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே சாகிறவர்களுக்காக யாரும் பதறுவதில்லை.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மனச்சிதைவுக்குத் தரும் ஓலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் காதில் கேட்கும் குரல்களை அடக்குகின்றன. கூடவே பசியைத் தூண்டிவிடுகின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து சட்டியில் மிச்சமிருக்கும் களியைத் தேடுகிறான் பையன். மூன்றே மாதத்தில் சட்டை இறுக்குகிறது. "தம்பி தேறிட்டான், உடம்பு போட்டிருக்கான்" என்று அக்கம்பக்கம் சந்தோஷப்படுகிறது. அம்மாவும் நம்புகிறாள். நாளுக்கு ஒரு கட்டு பீடி, ஐந்தாறு சர்க்கரை டீ, பகலெல்லாம் படுக்கை. இடுப்பை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கவில்லை. ஒருநாள் "நெஞ்சு கரிக்குது" என்கிறான். "அவன் அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பான்" என்று தள்ளிவிடுகிறார்கள், வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி. அவன் சொன்னது உண்மை என்று தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பின்லாந்தில் மனச்சிதைவு உள்ள 66,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதினோரு ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே எடுக்காதவர்களைவிட மருந்து எடுத்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. அதிலும் எடை கூட்டுகிற குளோசபின் எடுத்தவர்களிடையேதான் மிகக் குறைவு. ஆகவே மாத்திரையும் தொடர வேண்டும், உடம்பையும் பார்க்க வேண்டும். எடை ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம், வழி இருக்கிறது. பீடியை விடுவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே விட வேண்டும். புகை நின்றால் ஓலான்சபின், குளோசபின் இரண்டின் அளவும் ரத்தத்தில் கூடிவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தோழர்களே. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோயாளிக்கும் மனநோயாளிக்கும் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. 108 வண்டிகூட இருவருக்கும் ஒரே தரத்தில் வந்தாக வேண்டும். சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஆளும் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கே? 2004 வரை நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்! பி.பி. கருவியும் சர்க்கரை மாத்திரையுமாகத் தன்னார்வலர் அக்கா தெருத்தெருவாக வருகிறார். மனச்சிதைவு உள்ளவர் இருக்கும் வீட்டையும் அவர் தாண்டிப் போகக் கூடாது. ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போய்க் கவனிக்கவைத்தால் பலன் உண்டு என்பதற்குக் காஞ்சிபுரத்தையும் சேர்த்து நடந்து, 2014-இல் வெளிவந்த ஆய்வே சாட்சி.

நம் கோரிக்கைகள்:

1. மாதாமாதம் மாத்திரையோ ஊசியோ வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் எடை, இடுப்புச் சுற்றளவு, பி.பி., சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டினால் அது எச்சரிக்கை.

2. மனநல மருந்தும் சர்க்கரை மருந்தும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு இரண்டு முறை பஸ் ஏற ஏழைக் குடும்பத்தால் முடியாது.

3. சித்தேரி மலை ஊர்களுக்கு மருந்து இறங்காமல் இருக்கும் மாதம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

4. நெஞ்சுவலி என்று வருகிறவர் எந்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அரசு செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பாப்பாரப்பட்டி மண்ணில் 1925-இல் கண்மூடிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய் பற்றியதால் ரயிலில் ஏற விடாமல் தடுக்கப்பட்டவர். அவர் நடந்தே ஊர் ஊராகப் போனார். சாகும்போது வயது நாற்பது. நோயாளியை ஒதுக்கிவைப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, இந்த வாரமே கிளம்புங்கள். ஊருக்கு மூன்று பேர் போதும். அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஏரிக்கரை வரை கூட நடந்துவிட்டு வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்க வையுங்கள்; சீட்டைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், இரவும் பகலும் எடுப்பார்கள். கிராமசபையில் எழுந்து நின்று இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதவையுங்கள்.

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதற்குள் ஒவ்வோர் ஊராட்சியில் இருந்தும் தீர்மான நகல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஊர்த் தீர்மானத்தை நீங்களே எழுதுங்கள், இன்றைக்கே!