வாசல் இல்லாத சந்தைக்குக் காவல்

டிசம்பர் லீவில் ஐரோப்பா போய்க் கிறிஸ்துமஸ் சந்தை பார்த்துவிட்டு வரும் ஆசை நம் பக்கத்துக் குடும்பங்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆசையில் தவறில்லை. காலண்டரைப் பார்த்துப் புறப்பட வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடுவது டிசம்பர் 23, 24 வாக்கில். ஜெர்மனியின் பெரிய சந்தைகளில் பல கடை கட்டுவதும் அதே நாட்களில்தான்! நம் ஊரில் பண்டிகையன்றுதான் திருவிழாக் கடை களைகட்டும். அங்கே பண்டிகைக்கு முன் நான்கு வாரம் சந்தை நடக்கிறது. பண்டிகை வந்தால் ஜனங்கள் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். 24ந் தேதி பிற்பகலிலிருந்து 26 முடிய நகரமே கதவடைத்துக் கொண்டதுபோல் இருக்கும்.

ஆகவே நவம்பர் கடைசி முதல் டிசம்பர் 20க்குள் போகிறவர்களுக்கே சந்தை கிடைக்கும். விசா மனுவை ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். பிரயாணத்துக்கு 15 நாளுக்குள் கொடுத்தால் பயனில்லை. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும். அரண்மனை, மியூஸியம் பார்ப்பதைப் பகலில் வைத்துக்கொண்டால் இரவு சந்தைக்கு. பல மியூஸியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகளுக்கு விடுமுறை.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். இந்தச் சந்தைகளுக்கே இப்போது வேறொரு சோதனை வந்திருக்கிறது.

டிரெஸ்டன் நகரின் சந்தை 1434ல் தொடங்கியது. நூரெம்பர்க் சந்தைக்கு 1628ம் வருஷத்து ஆதாரம் இருக்கிறது. 1945 ஜனவரி குண்டுவீச்சில் அந்நகரின் பழைய பகுதி தரைமட்டமாயிற்று. மூன்றே வருஷத்தில், 1948ல், மாதாகோயில் முன் மறுபடி கடை போட்டுவிட்டார்கள். மரக் கொட்டகைகள், பொம்மைகள், ஒரு ரொட்டிக்குள் மூன்று சுட்ட தொத்திறைச்சி, கிராம்பும் லவங்கப்பட்டையும் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது. குடித்த கோப்பைக்கு முன்பணம் உண்டு. திருப்பிக் கொடுத்தால் காசு வரும், கொடுக்காவிட்டால் கோப்பை நம்முடையது! சந்தையைத் திறந்து வைப்பவள் தேவதை வேஷம் தரித்த ஓர் இளம்பெண். 2019ல் அந்தப் பதவிக்கு வந்த பெண்ணின் தகப்பனார் இந்தியர்.

இந்தச் சந்தைகளுக்கு மதில் இல்லை, வாசல் இல்லை, டிக்கெட்டும் பெரும்பாலும் இல்லை. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவன் நடுவே புகுந்து போகலாம். அதுதான் அதன் அழகு. அந்த அழகே ஆபத்தாகவும் முடிந்தது. 2016 டிசம்பர் 19ல் பெர்லின் சந்தைக்குள் ஒருவன் லாரியை ஓட்டினான். அன்று 12 பேர் மாண்டார்கள், படுகாயமுற்ற ஒருவர் 2021ல் இறந்தார். 2018ல் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் சந்தைப் பகுதியில் துப்பாக்கிக்கு ஐவர் பலி. 2024 டிசம்பர் 20ல் மக்டபர்க் நகரில், அவசர வண்டிகளுக்காக விட்டிருந்த இடைவெளி வழியே ஒரு கார் பாய்ந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் உட்பட ஆறு உயிர்கள் போயின. 300 பேருக்கு மேல் காயம். காயமுற்றவர்களில் ஏழு பேர் இந்தியர்கள்.

பெர்லின் தாக்குதலுக்குப் பிறகு கான்கிரீட் தடுப்புகள், இரும்புக் கம்பங்கள், காவல் ஆட்கள். நல்லது. பணம் யார் கொடுப்பது? ஜேப்படித் திருடனைப் பிடிக்கவும் விளக்கு எரியவும் சந்தைக்காரர்கள் செலவழிக்கட்டும். பயங்கரவாதத்தைத் தடுப்பது ஸர்க்கார் வேலையல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள். கூட்டத்தைக் கூட்டுகிறவர்தான் பொறுப்பு என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்குத் தீரும்வரை நசுங்குவது சின்ன ஊர்தான். லட்சக்கணக்கில் பிரயாணிகள் வரும் நூரெம்பர்க் எப்படியும் சமாளிக்கும். கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஓவராத் என்ற சிற்றூரோ, காவல் செலவு கட்டாது என்று 2025ல் சந்தையையே கைவிட்டது. மக்டபர்க்கிலும் அவ்வருஷம் கடைசி நேரம் வரை அனுமதி இழுபறியாக இருந்து, நவம்பர் 20ல்தான் திறந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கான பெரிய சந்தை பிழைத்து, உள்ளூர்க்காரர்களுக்கான சின்ன சந்தை சாகுமானால், அடுத்த தலைமுறைப் பிரயாணி பார்க்கப்போவது நல்ல கடைத்தெரு ஒன்றை மட்டுமே. மாதாகோயில் பாட்டுக் கோஷ்டிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைப்பது சின்ன ஊரில்தான்.

இந்த வருஷம் போகிறவர்கள் பெரிய நகரத்தில் மூன்று நாளும், ரயிலில் ஒரு மணி தூரத்தில் உள்ள சிற்றூரில் ஒரு மாலையும் வைத்துக்கொள்ளலாம். சிற்றூர்ச் சந்தை பெரும்பாலும் வாரக் கடைசியில் மட்டும் நடப்பது. நகரசபை அறிவிப்பு வந்த பிறகே அந்த நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. பெரிய பையைச் சந்தைக்குத் தூக்கிப் போனால் சோதனைக்கு நிறுத்தக்கூடும். ஹோட்டலிலேயே வைத்துவிட்டுக் கம்பளிக் கையுறையை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.