கடலைக் கட்டியவர்

இன்றைய மாணவர் விரும்பிப் படிக்கும் மேலைநாட்டுக் கற்பனைக் கதைகளில், டிராகன் எனப்படும் நெருப்புமிழ் நாகத்தை வழிபடும் மறைகூட்டம் ஒன்று அடிக்கடி இடம்பெறுகின்றது. அக்கூட்டத்தார் இருளில் கூடுவர். தம் மந்திரத்தைப் பிறர்க்கு உரையார். ஊராரை அச்சத்தில் வைத்திருப்பர். "ஐயா, நம் நாட்டில் இப்படியொரு கூட்டம் இருந்ததுண்டா?" என்று வகுப்பில் மாணவர் ஒருவர் வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. ஆனால் அவ்விடை, சாயர்புரத்தில் வாழும் நமக்கு மிக அருகிலேயே, கொற்கைக் கடற்கரையிலேயே இருக்கின்றது.

நம் கடலின் டிராகன் சுறா. பழந்தமிழ்ப் பரதவர் அதனை அஞ்சினர், வணங்கவும் செய்தனர். சுறாவின் கோட்டை மனையில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கருதி அவர்கள் வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அவ்வழிபாட்டில் மறைவு ஏதுமில்லை. முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, மனைவியரோடு மணற்பரப்பில் கூடி அவர்கள் மகிழ்ந்தனர். சுறாவை விலக்கிவிட்டு மூழ்கி, வலம்புரிச் சங்கெடுத்து வந்த பரதவரைக் கொற்கை ஆரவாரத்தோடு வரவேற்றதை அகநானூறும் பேசுகின்றது. அங்கே மந்திரக்காரர் எவரும் இல்லை என்பது நோக்கத்தக்கது.

நூற்றாண்டுகள் கடந்தபின் நிலை மாறிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு முத்து வணிகர் இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர் என்கிறார். அக்கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவராம்! 1807இல் வெளியான தம் இலங்கை நூலில் கார்டினர் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் மேலும் விரிவாக எழுதுகின்றார். சுறாவைக் கட்டுவோர் 'கடல்கட்டி' எனப்பட்டனர். ஒரே குடும்பத்தார்க்கே அப்பணி உரியது. வேறெவரும் அதனைப் பெற இயலாது. ஒருவர் தலைமைத் தோணியில் செல்வார். மற்றொருவர் கரையில், பூட்டிய அறைக்குள், எவர் கண்ணிலும் படாது அமர்ந்திருப்பார். அவர்முன் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரமும், அதனுள் வெள்ளியால் செய்த ஆண்மீனும் பெண்மீனும் இருக்கும். கடலில் எவரையேனும் சுறா கடித்தால், இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்குமென நம்பினர்.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கடல்கட்டி மனம் நொந்தால் சுறாவை ஏவிவிடவும் வல்லவர் என முக்குளிப்போர் அஞ்சினர்; ஆதலால் அவருக்குக் காணிக்கைகள் குவிந்தன. காவல் தருபவரே அச்சத்தையும் தருகின்றார்! வெள்ளையர் அரசும் அவருக்கு ஊதியம் அளித்தது. 19ஆம் நூற்றாண்டில் அப்பணியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறித்தவர் என எமர்சன் டெனன்ட் குறிப்பிடுகின்றார். எனவே இஃது ஒரு சமயத்தின் குறையன்று. முக்குளித்தோரில் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். பிறரைக் குறைகூறி நாம் விலகிக்கொள்ள இயலாது.

முக்குளித்தவரை உண்மையில் காத்தது எது? ஒரு தோணியில் ஏறத்தாழ இருபது பேர் செல்வர். பாதிப்பேர் மூழ்குவர், மீதிப்பேர் கயிறு பிடிப்பர். கீழிருந்து கயிற்றை அசைத்தவுடன் மேலிருப்பவர் இழுப்பார். நூற்றுக்கணக்கான தோணிகள் கூடி எழுப்பிய இரைச்சலே சுறாக்களை விலக்கியிருக்கும் என்பதும் அறிவுக்குப் பொருந்துகின்றது. மந்திரம் துணிவைத் தந்தது, அதனை மறுப்பதற்கில்லை. உயிரைத் தந்தது தோழனின் கை.

நான் முதுகலைத் தேர்வு எழுதிய ஆண்டில், என் தாயார் ஒருவரிடம் பணம் கொடுத்துக் கயிறொன்று முடிந்து வந்தார். அதில் என்ன ஓதப்பட்டது எனக் கேட்கக் கூடாதென்பது நிபந்தனை. கேட்டால் பலிக்காதாம், அவிழ்த்தால் கேடு வருமாம். அம்மாவின் அன்பை நான் குறைகூற மாட்டேன். ஆனால் இறைவன் ஒருவனிடமே காவல் தேடக் கற்ற இல்லத்தில், கடல்கட்டியின் அறை எப்படி நுழைந்தது? எனக்குக் கைகொடுத்த கயிறு வேறு. மாலைதோறும் கட்டணமின்றிப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் குரலே அது.

இன்றும் அவ்வறைகள் பல உள. தேர்வுக்குத் தாயத்து விற்போர் உளர். கைப்பேசி வழியே 'மறைசூத்திரம்' கூறிச் சேமிப்பைப் பறிப்போரும் உளர். சரக்கு வேறாயினும் வணிகம் ஒன்றே. கேள்வி கேட்கக் கூடாது என்று எவர் சொன்னாலும், அங்கே ஒரு பித்தளைப் பாத்திரம் இருப்பதாகக் கொள்க.

மறைத்தது மடியும், பகிர்ந்தது வாழும். தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. கடல்கட்டியின் மந்திரத்தால் இன்று பயன்பெறுவார் எவருமிலர். ஆனால் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவர் சமயம் பாராது கற்பித்த தமிழ், உமறுப் புலவரிடத்தே சீறாப்புராணமாக மலர்ந்தது. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவ்விருவரையும், "நீ எக்குடும்பத்தான்?" என்று கேட்டு வாயிலை அடைத்திருந்தால் நம் இழப்பு எவ்வளவு!

அச்சம் இழிவன்று, ஆழ்கடலில் இறங்குபவன் அஞ்சுதல் இயல்பே. பிறர் அச்சத்தைப் பூட்டிய அறையில் வைத்து விற்பதே இழிவு. மாணவச் செல்வங்களே, கற்றதை மறைக்காதீர்கள். உங்களுக்குப்பின் மூழ்குபவருக்குக் கயிறு பிடியுங்கள்.