உலைக்குள் உலவும் வாயு

நகையிலே பற்றாசு வைக்குமுன் பொற்கொல்லர் அவ்விடத்தில் வெண்காரம் பூசுவதை நாம் கண்டிருக்கிறோம். நெருப்பிருக்க வெண்காரம் எதற்கு என மாணவரொருவர் நம்மை வினவினார். நல்ல வினா. சூடேறிய உலோகம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி, மேலே ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்திக்கொள்ளும். அது நீங்கும்வரை உலோகங்கள் நன்கு ஒட்டா. வெண்காரம் அதனைக் கரைத்து அகற்றுகிறது.

ஒரு பற்றுக்கே இத்துணைப் பாடென்றால், எண்ணிறந்த உலோகத் துகள்களை ஒன்றாக்குவது எங்ஙனம்? துகள் ஒவ்வொன்றுக்கும் வெண்காரம் பூச இயலுமா? இவ்விடத்திலே துணைக்கு வருவது வாயு.

தங்குதன் என்னும் உலோகம் உருகுவதற்கு 3422 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். அதனை உருக்கி வார்க்கத்தக்க மூசை கிடைப்பது அரிது. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வில்லியம் கூலிட்ஜ் என்பார் 1910 ஆம் ஆண்டளவில் வேறு வழி கண்டார். தங்குதன் பொடியை அழுத்திக் கோலாக்கி, ஐதரசன் வாயு சூழ, உருகுநிலைக்குச் சற்றுக் கீழ்வரை மின்னோட்டத்தாற் சூடேற்றும் வழியே அது. துகள்கள் உருகாமலே ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. அக்கோலைச் சூட்டோடு அடித்து நீட்டி, வைரத் துளைகளினூடாக இழுத்தபோது மெல்லிழை பிறந்தது. பல்லாண்டுகள் நம் இல்லங்களில் ஒளிர்ந்த மின்குமிழ்களின் இழை அதுவே.

ஐதரசன் செய்த உதவி யாது? துகள்மேற் படிந்த ஒட்சிசனைக் கவர்ந்து நீராவியாக வெளியேறியது. படலம் நீங்கவே, துகள்கள் தொடுமிடங்களில் அணுக்கள் நகர்ந்து பாலமிட்டன. ஆயினும் நீராவி உலைக்குள் தேங்கி மிகுமாயின் ஒட்சைட்டு மீண்டும் தோன்றும். ஆதலின் உலர்ந்த வாயு ஓயாது ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். காற்றோடு கலந்த ஐதரசன் வெடிக்குமாதலால், உலையிலுள்ள காற்றை நைதரசன் செலுத்தி முன்னரே வெளியேற்றுவர்.

தங்குதனுக்கு நண்பனான ஐதரசன் தைத்தானியத்துக்குப் பகைவன். அவ்வுலோகம் ஐதரசனை உள்ளே ஏற்றுக்கொண்டு நொறுங்குந் தன்மை எய்தும். எனவே அதன் பொடியைப் பெரும்பாலும் வெற்றிடத்திலேயே சுடுவர்.

நெருப்பு ஒன்றே, சூழும் வாயு வேறாயின் விளைவும் வேறாகிறது. ஆய்வுகூடத்திற் பரிசோதனை பிழைத்ததும் அடுப்பைக் குறைகூறும் மாணவர்கள், கண்ணுக்குப் புலனாகாது சூழ்ந்து நிற்கும் காற்றையும் ஒருமுறை ஐயுற்றுப் பார்ப்பார்களாக.